அடுப்புக்கட்டின் விளிம்புக்கு மரப்பட்டி: களுவாஞ்சிகுடிக் குசினி ஒன்றின் வேலைக் குறிப்பு

டைல் பதித்த அடுப்புக்கட்டில் முதலில் போவது விளிம்புதான். கிடாரத்தை இழுத்து இறக்கினாலும் சரி, விறகுக் கட்டைத் தூக்கிப் போட்டாலும் சரி, அடி விழுவது அங்கே. இந்தக் கட்டில் முன்பக்க டைல்களில் பாதிக்கு மேல் வாய் உடைந்து உள்ளே பூச்சு தெரிந்தது. சுற்றிவர மரப்பட்டி அடித்து மறைப்பது இப்பக்கத்தில் வழக்கம். அப்படி அடித்த பட்டிகள் பெரும்பாலும் ஒரு மாரியைத் தாண்டுவதில்லை. இங்கும் முன்பு போட்டவை கழன்று போயிருந்தன. இப்போது போட்டது மாரியையும் அதன் பிறகு வந்த கச்சான் என்ற வறண்ட காற்றையும் தாங்கி நிற்பதால் செய்த விதத்தை எழுதி வைக்கலாம்.

கட்டின் அளவு: முன்பக்கம் 5 அடி 4 அங்குலம், ஆழம் 2 அடி 6 அங்குலம், உயரம் 2 அடி 4 அங்குலம். செங்கல் கட்டு, மேலே 15 மி.மீ. சீமெந்துப் பூச்சு, அதன் மேல் டைல். பின்பக்கம் சுவரோடு சேர்ந்தது, மற்ற மூன்று பக்கமும் திறந்தவை. கீழே விறகு அடுக்க ஒரு பொந்து. நடுவில் அனகி என்று கடைகளில் விற்கும் மண்ணடுப்பு, களிமண்ணால் சுற்றிப் பூசப்பட்டது. விறகு வைக்கும் வாய் 8 அங்குல அகலம். வாய்க்கும் கட்டின் முன்விளிம்புக்கும் இடையில் 9 அங்குலம்தான் இருக்கிறது. வேலை முழுவதையும் தீர்மானித்தது இந்த 9 அங்குலம்.

பழைய பட்டிகள் ஏன் கழன்றன என்பதைப் பார்த்த பிறகுதான் புதியதைத் தொட வேண்டும். முதலில் இருந்தது தேக்குப் பட்டி, கொன்டாக்ட் பசையால் ஒட்டியது. அந்தப் பசை சூட்டில் இளகும். அடுப்பு வாய்க்கு நேரே இருந்த பகுதி முதலில் தொங்கியிருக்கிறது, பிறகு பாரத்தில் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. கழன்ற துண்டின் முதுகில் பசை நூல் நூலாக இழுபட்டுக் காய்ந்திருந்தது. ஒட்டு விட்டுப்போய் உரிந்திருந்தால் அந்த நூல்கள் இருக்காது. அடுத்து வந்தவர் கொங்கிறீட் ஆணி அடித்திருக்கிறார், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. இரண்டு குற்றம். இரண்டு அங்குல ஆணி பட்டியையும் பூச்சையும் கடந்த பிறகு செங்கல்லுக்குள் போனது அரை அங்குலம்கூட இல்லை, அதனால் பூச்சு பொருக்கோடு பெயர்ந்து வந்தது. மரம் மாரியில் அகலவாக்கில் ஊதும், கச்சானில் சுருங்கும். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சேர்த்துக் கட்டிப்போட்டால் சுருங்க இடமில்லாமல் நடுவில் நெடுகப் பிளக்கும். பட்டி அப்படியே, அளந்து கீறியதுபோல நடுவில் பிளந்திருந்தது.

நெருப்புக்கு எவ்வளவு தூரம்

மரம் தீப்பற்ற ஏறத்தாழ 250 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும் என்று நம்பி அடுப்போரம் பட்டி வைப்பவர்கள் உண்டு. அது புது மரத்துக்கான கணக்கு. வருடக் கணக்காக நாள்தோறும் சூடேறி ஆறும் மரம் மெல்ல மெல்லக் கருகி, அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடியதாகிவிடும். ஆகவே இன்று தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை என்பது போதாது.

அமெரிக்கக் கட்டட விதியில் சிறிய வாயுள்ள செங்கல் கணப்புக்கு முன்னால் 16 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம் எரியாத தரை கேட்கிறார்கள். வாயைச் சுற்றி 6 அங்குலத்துக்குள் மரமே கூடாது. அதைத் தாண்டி 12 அங்குலம் வரை மரம் வைக்கலாம், ஆனால் தூரத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே துருத்தக் கூடாது. நம் ஆசாரிமார் கணக்கில் அங்குலத்துக்கு ஒரு நூல். வேறு நாட்டுக் கணப்புக்கு எழுதிய விதிதான் என்றாலும் கையில் ஒரு அளவு வேண்டுமே. நம் அடுப்பு அதைவிடக் கடுமையானது. கணப்பில் விறகு உள்ளேயே கிடந்து எரியும். இங்கே கொள்ளி வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சோறு பொங்கும்போது தீயைக் குறைக்கக் கொள்ளியை வெளியே இழுத்து வைப்போம், அப்போது தணல் பிடித்த நுனி விளிம்புக்குப் பக்கத்தில் வந்து கிடக்கும்.

சூடு எங்கே எவ்வளவு போகிறது என்று பார்க்க மெழுகுதிரி போதும். கடைகளில் கிடைக்கும் சாதாரண மெழுகு 55 முதல் 65 பாகைக்குள் உருகும். கட்டின் மேலும் முன்முகத்திலும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு சொட்டு விட்டு, ஆறி வெள்ளையான பிறகு அடுப்பை மூட்டி, சிரட்டையும் தென்னமட்டையும் போட்டு ஒன்றரை மணி நேரம் எரிக்கப்பட்டது. வாய்க்கு நேரே விளிம்பில் இருந்த சொட்டு உருகி ஓடியது. அங்கிருந்து விளிம்போடு பக்கவாட்டில் 6 அங்குலத்தில் இருந்தது கண்ணாடிபோலாகி மேலே ஈரமாக மினுங்கியது, உருவம் குலையவில்லை. 10 அங்குலத்தில் இருந்தது நகத்தால் கீறக்கூடிய கெட்டியாகவே இருந்தது. பக்க விளிம்புகளில் எதற்கும் மாற்றமில்லை.

விதிப்படி வாயின் 8 அங்குலத்தோடு இருபுறமும் எட்டெட்டு சேர்த்தால் 24. மெழுகும் அதை ஒத்தே சொன்னது. முன்விளிம்பின் நடுவில் 26 அங்குலத்துக்கு மரம் வைப்பதில்லை, அங்கே கருங்கல் பட்டி என்று முடிவானது. மீதி முன்பக்கம் இடமும் வலமும் 19 அங்குலம் வீதம் மரம், இரண்டு பக்க விளிம்புகளும் 30 அங்குலம் வீதம் மரம். வீட்டுக்காரருக்கு நடுவில் மரம் விட்டுப்போவது முதலில் பிடிக்கவில்லை. கல் வைத்துப் பார்த்த பிறகு, திட்டமிட்டே அப்படிச் செய்ததுபோல இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

மரம்

1978 நவம்பர்ச் சூறாவளிக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கம் கட்டிய வீடுகள் பல இப்போது இடித்துக் கட்டப்படுகின்றன. அவற்றின் முதிரை நிலைகளும் யன்னல் சட்டங்களும் பழைய மரமாக விற்பனைக்கு வரும். புது மரத்தைவிட இது நல்லது. காய்ந்து திருகவேண்டியதெல்லாம் எப்போதோ திருகி முடிந்திருக்கும். 7 அடி நீளம், 4க்கு 3 அங்குலக் கதவு நிலைக்கால் ஒன்று எடுக்கப்பட்டது. மரக்காலையில் அறுக்கக் கொடுக்கும் முன் காந்தத்தை நெடுக ஓட்டி ஆணி பார்க்க வேண்டும். ஆணி உள்ள மரத்தை வாளில் வைக்க அவர்கள் மறுப்பார்கள், மறுப்பதும் நியாயம். பிணைச்சல் இருந்த இடத்தில் தலை முறிந்த திருகாணி இரண்டு இருந்தன. சுற்றிவர உளியால் தோண்டி எடுக்கவேண்டி வந்தது.

4 அங்குலத்தை அறுத்ததில் ஒரு அங்குலப் பலகை மூன்று கிடைத்தது. தேவை மொத்தம் 8 அடி 2 அங்குலம்தான், வெட்டுக்கழிவோடு 10 அடி வைத்தாலும் மிச்சம். சீவிய பிறகு தடிப்பு முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. நிற்கவேண்டும். முதிரையின் நார் ஒருபட்டி இப்படியும் மறுபட்டி அப்படியும் ஓடும். சீவுளியின் அலகைக் கூடுதலாக இறக்கினால் பிய்த்து எடுத்துவிடும். கடதாசித் தடிப்புக்கு மட்டும் அலகு தெரியும்படி வைத்து, எந்தப் பக்கமிருந்து சீவினால் வழுவழுப்பாக வருகிறதோ அந்தப் பக்கமாகவே போகவேண்டும். பிய்ந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் அரத்தாள்தான் தீரும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும், ஆகவே முழுக்கைச் சட்டையும் மூக்குக்குத் துணியும் வேண்டும்.

மூலை வெட்டும்போது 90 பாகை என்று நம்பக் கூடாது. மேசன் பூச்சு எந்த மூலையிலும் சரியாக 90 வராது. இரண்டு மட்டைத்தடிகளை ஒரு ஆணியில் கோத்து மூலையில் அணைத்து, கோணத்தைப் பலகையில் இறக்கிப் பார்த்ததில் வலது மூலை 92 இருந்தது. அதில் பாதி 46. கண்ணை மூடிக்கொண்டு 45 வெட்டியிருந்தால் இரண்டு துண்டும் வெளிமுனையில் மட்டும் முட்டி, உட்பக்கம் சுவரோரம் வாய் பிளந்து நிற்கும். இடது மூலை 90க்கு மிக நெருக்கம், அங்கே 45 போதுமாக இருந்தது. வெட்டிய கூர்முனையை அப்படியே விட்டால் இடுப்பில் இடிக்கும், சேலை மாட்டும். பொருத்திய பிறகு அரத்தால் கால் அங்குல வளைவுக்கு உருட்டிவிட்டால் சரி.

பொருத்துதல்

மரத்துக்கு முன் கல். சமையல் மேடைக்குக் கல் வெட்டும் கடையில் கழிவுத் துண்டு ஒன்றை 26க்கு 3 அங்குலமாக அறுத்துத் தருவார்கள், தடிப்பு முக்கால் அங்குலம். இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடவே இருக்கும், ஆகவே பூச்சில் வெறும் ஒட்டு நிற்காது. பழைய பூச்சைக் கொத்தி, கரடுமுரடாக்கி, தண்ணீர் தெளித்து, டைல் பசையைக் கல்லின் முதுகிலும் சுவரிலும் தடவி அழுத்தி, கீழே தரையிலிருந்து இரண்டு தடியால் முட்டுக் கொடுத்து மறுநாள்வரை விடவேண்டும். மரத்தின் பின்னால் 4 மி.மீ. இடைவெளி விடப்போவதால் கல்லின் முகமும் அந்த அளவுக்கு முன்னுக்கு வரவேண்டும். பசையின் தடிப்பை அதற்கேற்ப வைத்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

பட்டியின் உயரம் எங்கே நிற்கவேண்டும் என்பதில் இரண்டு கட்சி உண்டு. சாம்பல் கீழே கொட்டாமல் இருக்க டைலுக்கு மேல் அரை அங்குலம் எழுப்பிவிடுபவர்கள் ஒருபக்கம். அப்படி எழுப்பினால் சிதறும் தணல் அந்தத் தடுப்பில் முட்டி அங்கேயே கிடந்து எரியும், கழுவும் தண்ணீரும் தேங்கும். இங்கே டைலுக்கு ஒரு நூல் கீழே இறக்கி வைக்கப்பட்டது. துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் சாம்பல் தடையில்லாமல் வெளியே வருகிறது.

திருகாணிக்கு வருவோம். பட்டி 19 மி.மீ., அதில் தலை இறங்க 6 மி.மீ. குழி, மீதி 13. பின்னால் இடைவெளி 4. பூச்சு 15. ஆக 32 மி.மீ. போன பிறகுதான் செங்கல் தொடங்குகிறது. 3 அங்குலத் திருகாணி போட்டால் செங்கல்லுக்குள் 43 மி.மீ. கிடைக்கும், அதுதான் பிடி. இரண்டு அங்குலத்தில் கிடைப்பது 18, அதை நம்ப முடியாது. கடற்காற்று வீசும் இடம், ஆகவே இரும்பு வேண்டாம், 8ஆம் நம்பர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்புத் திருகாணி ஒரு வருடத்தில் மரத்தில் கறுப்பு வழியும்.

துளை இடும் ஒழுங்கு: முதலில் மரத்தில் அரை அங்குல அலகால் 6 மி.மீ. ஆழக் குழி. அதன் நடுவில் 6 மி.மீ. துளை நேரே மறுபக்கம்வரை. திருகாணியின் தண்டு 4 மி.மீ. சொச்சம்தான், துளை வேண்டுமென்றே பெரியது. முனையிலிருந்து 3 அங்குலம் உள்ளே தள்ளித்தான் முதல் துளை வரவேண்டும், முதிரை முனையோரம் சட்டென்று பிளக்கும். 19 அங்குலத் துண்டுக்கு இரண்டு, 30 அங்குலத் துண்டுக்கு மூன்று, ஆக மொத்தம் பத்து. எல்லாம் பட்டியின் உயரத்தில் நடுக்கோட்டில், ஒரே வரிசை. இதைத்தான் அழுத்திச் சொல்லவேண்டும். நடுவில் மட்டும் பிடித்தால் மரம் மேலும் கீழும் தன் பாட்டில் ஊதிச் சுருங்கும், பிளவுக்கு வேலையில்லை.

பட்டியை இடத்தில் வைத்து, துளை வழியே பூச்சில் அடையாளம் போட்டு, எடுத்துவிட்டுத் துளைக்கவேண்டும். பழைய செங்கல்லில் டிரில்லைச் சுத்தியல் முறையில் வைத்தால் கல் உள்ளுக்குள் நொருங்கித் துளை புனல்போல விரியும். பூச்சைக் கடக்கும்வரையும் செங்கல்லிலும் வெறும் சுழற்சியே போதும், நேரம் எடுக்கும், அவ்வளவுதான். துளையிலிருந்து வரும் தூளின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறம் மாறிச் சிவப்பு வந்தால் செங்கல். சாம்பலே தொடர்ந்து வந்தால் அலகு சாந்து இடுக்கில் போகிறது, அங்கே திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் வைக்கும் பிளக் நிற்காது. அடையாளத்தை ஒரு அங்குலம் நகர்த்தி, மரத்திலும் துளையை மாற்றவேண்டியதுதான். பத்தில் இரண்டு அப்படி மாற்றப்பட்டன. சிவப்பு நைலோன் பிளக்கைப் பூச்சோடு மட்டமாக விடாமல், ஆணியால் தட்டிச் செங்கல்வரை உள்ளே இறக்கவேண்டும். பூச்சுக்குள் விரியும் பிளக் பூச்சைத்தான் பெயர்க்கும்.

இடைவெளிக்கு ஒவ்வொரு திருகாணியிலும் மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் 2 மி.மீ. வாஷர் இரண்டு. வாஷர் கீழே விழுந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் கிறீஸ் தடவிப் பூச்சில் ஒட்டிவிட்டால் இருந்துகொள்ளும். தலைக்குக் கீழே இன்னொரு வாஷர். கையால் முறுக்கவேண்டும். முதலில் இறுகும் இடத்தில் நிறுத்தி, கால்சுற்று பின்னோக்கி விட்டுவிட்டால் மரம் அசைய இடமிருக்கும். மரம் கல்லைத் தொடும் இடத்தில் 3 மி.மீ. விடப்பட்டது.

மேலே தெரியும் 4 மி.மீ. வெடிப்பை அடைக்காமல் விட்டால் சோற்றுப் பருக்கையும் கரப்பானும் குடியேறும். மெல்லிய தும்புக் கயிற்றை உள்ளே திணித்து, அதன் மேல் அமில வாசனை வராத சிலிக்கன் இழைக்கப்பட்டது. வினாகிரி மணம் அடிக்கும் சிலிக்கன் சீமெந்தில் சரியாக ஒட்டாது. கீழ்ப்பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கவேண்டும். மேலே எப்படியும் கொஞ்சம் தண்ணீர் நுழையும், நுழைந்தது கீழே வழிந்து போகட்டும். இங்கே அடுப்போர மரத்தை நெருப்பைவிட அதிகம் கெடுப்பது கட்டைக் கழுவும் தண்ணீர்தான்.

பூச்சு

வார்னிஷ் சூட்டில் கொப்பளிக்கும், உரிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே போனால் கறுக்கும். வேகவைத்த ஆளிவிதை எண்ணெய், லின்சீட் ஒயில் என்று கேட்டால் வர்ணக் கடையில் தருவார்கள், மூன்று முறை. பொருத்துவதற்கு முன்பே முதுகுக்கும் வெட்டிய முனைகளுக்கும் பூசவேண்டும், பிறகு அங்கே தூரிகை போகாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறும், சுருட்டிய துணி தீப்பற்றியே விடும். விரித்து வெளியே கொடியில் போட்டுக் காய்ந்த பிறகு எறியுங்கள்.

கறையானுக்கென்று கழிவு எஞ்சின் ஒயில் பூசும் பழக்கம் வேலிக்கட்டைக்குச் சரி, அடுப்போரத்துக்கு ஆகாது. முதிரையின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது, ஆனால் வெளிறிய வெள்ளைப் பகுதியைத் தின்னும். அதை அறுக்கும்போதே கழித்துவிட்டால் மருந்து வேண்டாம். பொந்தில் அடுக்கும் விறகு பட்டியில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி இருந்தால் மண்கோடு ஏறுவதும் கண்ணில் படும்.

செலவு

கல்முனையில் வாங்கிய விலைப்படி நிலைக்கால் 3,500 ரூபா, அறுப்புக்கூலி 800, கல்துண்டு 1,500, திருகாணி ஒரு டசன் 480, வாஷர் முப்பது 300, பிளக் 200, 6 மி.மீ. சீமெந்து அலகு 350, சிலிக்கன் 1,100, எண்ணெய் 1,200, அரத்தாள் 400. மொத்தம் 9,830. டைல் பசை முந்திய வேலையில் மிஞ்சியது. கூலி சேர்க்கவில்லை. புது முதிரை என்றால் இந்தக் கணக்கே வேறு.

மாரிக்குப் பிறகு அளந்ததில் 75 மி.மீ. அகலப் பட்டி 76க்குக் கொஞ்சம் குறைவாக நின்றது, கச்சானில் பழையபடி இறங்கியது. பிளவு எங்கும் இல்லை. வலது மூலையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிலிக்கன் பூச்சிலிருந்து விட்டிருந்தது. பழைய கரியும் எண்ணெய்ப்பிசுக்கும் அங்கே போகவில்லை. வெட்டி எடுத்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து மறுபடி இழைத்ததில் பிடித்துக்கொண்டது.

இனி ஒன்று செய்தால் இரண்டு மாற்றம். கல்லை 3 அங்குலத்துக்குப் பதில் 4 அங்குல உயரமாக எடுக்கவேண்டும். கொள்ளி நுனியிலிருந்து விழும் தணல் இப்போது கல்லின் கீழ்விளிம்பைத் தாண்டிச் சீமெந்துப் பூச்சில் கரிக்கோடு போடுகிறது. அடுத்தது, பட்டியின் அடிவிளிம்பில் உட்பக்கமாக ஒரு நூல் ஆழத்துக்குக் காடி இழுத்துவிட்டால் வழியும் தண்ணீர் மரத்தோடு ஒட்டிப் பின்னால் ஏறாமல் அங்கேயே சொட்டிவிடும். அதைப் பட்டி பலகையாகக் கிடக்கும்போதே இழுக்கவேண்டும், சுவரில் ஏறிய பிறகு முடியாது.